டிசம்பர் விடுமுறை: கோல்ட் ரீஃப் சிட்டியா, உஷாகாவா, சன் சிட்டியா?

நவம்பர் பிறந்தால் போதும், ஜோகன்னஸ்பர்க் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "லீவுக்கு எங்கே போறீங்க?" பதிலும் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். உள்ளூரில் கோல்ட் ரீஃப் சிட்டி. டர்பனுக்குப் போய் உஷாகா. இல்லாவிட்டால் சன் சிட்டி. கேப் டவுனில் இருந்த ரட்டாங்கா ஜங்ஷனை 2018-இல் மூடிய பிறகு, வயிற்றைப் பிசையும் ரோலர் கோஸ்டர்களுக்கென்று போகக்கூடிய பெரிய பூங்காவாக மிஞ்சியிருப்பது கோல்ட் ரீஃப் சிட்டிதான். மற்ற இரண்டும் தண்ணீர் விளையாட்டு.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கும் கிட்டத்தட்ட பொருந்தும். மூத்தவளுக்குப் பதினாலு வயது. பயமுறுத்தாத சவாரி அவளுக்குச் சவாரியே இல்லை. நடுப்பிள்ளைக்கு ஒன்பது. கடைக்குட்டிக்கு நாலு. குடியாத்தத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் டிசம்பரில் வருகிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, மாமாவுக்குச் சர்க்கரை. இப்படி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு, வருஷத்திலேயே கூட்டம் மிகுந்த மாதத்தில் கிளம்ப வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் பூங்காவை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் லீவு கிடைக்கும் தேதியைத் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் தேதி, அடுத்து வீட்டிலேயே சின்னவரும் மூத்தவரும் எதைத் தாங்குவார்கள் என்ற கணக்கு, கடைசியில்தான் சவாரிகள். இதே மூன்று இடங்களும் ஒரு வாரத்தில் சொர்க்கமாகவும் அடுத்த வாரத்தில் தண்டனையாகவும் இருக்கும்.

முதலில் காலண்டர்

பள்ளிகள் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மூடி, ஜனவரி நடுவில் திறக்கின்றன. "எப்போ போனாலும் கூட்டம்தான்" என்று சொல்லிக் கிறிஸ்துமஸ் வாரத்தையே பிடிப்பவர்கள் அதிகம். ஆனால் இந்த ஐந்து வாரமும் ஒரே மாதிரி இல்லை.

பள்ளி மூடிய நாளிலிருந்து டிசம்பர் 15 வரை சில நாட்கள் கிடைக்கும். பெரியவர்களில் பாதிப்பேர் அப்போதும் ஆபீஸில்தான் இருப்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கை விட்டு வெளியே போகாமல் சுற்றுவதற்கு இதைவிட நல்ல நாட்கள் இல்லை. அதுவும் செவ்வாய், புதன், வியாழன்.

அடுத்தது டிசம்பர் 16-இலிருந்து புத்தாண்டு வரை. 16 சமரச தினம், அரசு விடுமுறை. கட்டுமானத் துறை முழுவதும் அதை ஒட்டித்தான் மூடுகிறது. அதனால்தான் இதற்கு 'பில்டர்ஸ் ஹாலிடே' என்று பெயர். பல கம்பெனிகள் டிசம்பர் சம்பளத்தை நடு மாதத்திலேயே போட்டுவிடும். கையில் காசு, வீட்டில் பிள்ளைகள், ஆபீஸுக்குப் பூட்டு. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணமே என்-3 சாலையில் டர்பன் பக்கம் இறங்கும். 25 கிறிஸ்துமஸ், 26 நல்லெண்ண தினம், ஜனவரி 1 புத்தாண்டு. இந்த நாட்களில் டர்பன் கடற்கரைக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். கடற்கரையை ஒட்டிய சாலைகளைக் காருக்கு மூடிவிடுவார்கள். தொலைந்துபோனால் கண்டுபிடிக்க வசதியாகச் சின்னப் பிள்ளைகளின் கையில் பெயர்ப்பட்டை கட்டுவார்கள். ஒரு நகரம் பிள்ளைகள் தொலைவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது என்றால், கூட்டம் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஜனவரி 3-ஐ ஒட்டித் தொடங்கிப் பள்ளி திறக்கும்வரை. ஆபீஸ்கள் திறந்துவிடும், ஊருக்குப் போனவர்கள் திரும்புவார்கள். டர்பன் முழுக்கக் காலியாகிவிடாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இன்னும் லீவு பாக்கி இருக்கும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்திருக்காது. ஆனாலும் மூச்சுவிட இடம் கிடைக்கும். என்-3 இல் கூட்டம் ஜோகன்னஸ்பர்க் நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது நாம் எதிர்த் திசையில் இறங்குவோம். தங்குமிட வாடகையும் இறங்கியிருக்கும். வருஷ ஆரம்பத்தில் லீவு கேட்க மேனேஜரிடம் தயக்கம் வரும், அது உண்மைதான். கேட்டுப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் ஆபீஸைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள், "அப்போ நான் இருக்கேன், ஜனவரியில விடுங்க" என்றால் வேண்டாம் என்று சொல்வது அரிது.

கோல்ட் ரீஃப் சிட்டி

எம்-1 சாலையில் தெற்கே இறங்கினால் ஆர்மண்ட். கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14-ஆம் எண் குழி இருந்த இடத்தில், பழைய சுரங்க ஊரின் சாயலில் கட்டிய பூங்கா இது, திறந்தது 1987-இல். லெனேஷியா, மிட்ராண்ட், ஃபோர்வேஸ் எங்கிருந்து கிளம்பினாலும் காலையில் போய்விட்டு இரவு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். தங்கும் செலவு இல்லை என்பதே பாதி வெற்றி.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றில் இதுதான் முதலிடம். அனகோண்டாவில் கால்கள் அந்தரத்தில் தொங்க, தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும். டவர் ஆஃப் டெரர் நம்மை உயரே தூக்கி, நிஜச் சுரங்கக் குழிக்குள் செங்குத்தாகப் போட்டுவிடும். மூத்தவள் அதிலிருந்து இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் கழித்து "இன்னொரு தடவை" என்றாள்.

சங்கடம் ஒன்பது வயதில்தான். பெரிய சவாரிகள் ஒவ்வொன்றின் வாசலிலும் உயரம் காட்டும் பலகை நிற்கும். பையன் அதன் கீழே போய் நின்று, குதிகாலைத் தெரியாமல் கொஞ்சம் தூக்கினான். ஊழியர் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தொட்டு மெல்ல அழுத்தினார். தலை கோட்டுக்குக் கீழே போய்விட்டது. அக்கா உள்ளே போக, அவன் வேலிக்கு வெளியே நின்ற அந்தக் கால்மணி நேரம் அவனுக்கும் எனக்கும் பெரிய வேதனை. ஆகவே டிக்கெட் வாங்குமுன் வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிற்கவைத்து, செருப்பில்லாமல், அளந்துவிடுங்கள். பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் வேண்டிய உயரம் இருக்கிறது. கோட்டுக்குச் சற்றே கீழே இருக்கும் பிள்ளைக்கு, எது கிடைக்கும், எது கிடைக்காது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால் வாசலில் கண்ணீர் இல்லை.

பெரியவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை என்று பலர் சொல்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. சுரங்கச் சுற்றுலாவுக்குத் தனி டிக்கெட். தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து 75 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிக் காட்டுவார்கள். மேலே வந்ததும் தங்கத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் காட்டுவார்கள். போன முறை மாமா வந்தபோது கூட்டிப்போனோம். அவருடைய பெரியண்ணன் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். வட ஆர்க்காட்டுப் பக்கம் இப்படி வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். கீழே பாறையில் துளை போடும் கருவியின் சத்தத்தை வழிகாட்டி ஒரு நொடி ஓடவிட்டுக் காட்டினார். மாமா காதைப் பொத்தவில்லை. "அண்ணனுக்கு அம்பது வயசுலயே காது கேக்காது" என்றார். மேலே வரும்வரை அந்த வழிகாட்டியிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், நான் மொழிபெயர்த்தேன். கோலார் 2001-இல் மூடிப்போன கதையை வழிகாட்டியும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு உற்சாகமாக அவரை அந்தப் பயணம் முழுவதும் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும், எவ்வளவு நடை, எத்தனை படி என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கோடை மழையை மறக்கக்கூடாது. ஜோகன்னஸ்பர்க்கில் டிசம்பர் வெயில் காலையில் சுள்ளென்று அடிக்கும், மூன்று நான்கு மணிக்குக் கருமேகம் திரண்டு இடி இடிக்கும். மின்னல் வந்தால் உயரமான சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மத்தியானம் போய்ச் சேருகிறவர்கள் முழுக் காசு கொடுத்துப் பாதிச் சவாரி பார்ப்பது இதனால்தான். வாசல் திறக்கும்போதே நில்லுங்கள். நேராக அனகோண்டாவுக்கும் டவருக்கும் போய்விட்டு, வரிசை நீளும் பதினோரு மணிக்குமேல் சுரங்கத்துக்குள் இறங்குங்கள்.

பக்கத்திலேயே நிறவெறி ஆட்சியின் கதையைச் சொல்லும் அபார்தைட் அருங்காட்சியகம் இருக்கிறது. பதினொன்றுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்று அவர்களே சொல்கிறார்கள். அதே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். மூத்த பிள்ளையையும் தாத்தாவையும் மட்டும் இன்னொரு நாள் கூட்டிப்போங்கள். அப்படிப் போகும் நாளில் பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்கும் போகலாம்: ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் அந்தப் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள். நம் பிள்ளைகள் படிக்காதவர்கள். இரண்டு தலைமுறையும் சேர்ந்து நிற்க நல்ல இடம்.

உஷாகா

டர்பன் துறைமுக வாயிலை ஒட்டிய பாயின்ட் பகுதியில் 2004-இல் திறந்தது உஷாகா மரைன் வேர்ல்ட். ஒரு பக்கம் சீ வேர்ல்ட் என்ற மீன் காட்சியகம். இன்னொரு பக்கம் வெட் அண்ட் வைல்ட் என்ற தண்ணீர்ப் பூங்கா. இரண்டுக்கும் தனித்தனியாகவும் வாங்கலாம், சேர்த்தும் வாங்கலாம். எல்லாருக்கும் சேர்த்து வாங்கத் தேவையில்லை என்பதுதான் இங்கே காசு மிச்சம் பிடிக்கும் வழி. சறுக்கில் ஏறாத அத்தைக்கு எதற்குத் தண்ணீர்ப் பூங்கா டிக்கெட்?

மீன் காட்சியகத்தை மணலில் தட்டி நிற்கும் பழைய சரக்குக் கப்பல் மாதிரி கட்டியிருக்கிறார்கள். கப்பலின் வயிற்றுக்குள் நடந்துபோனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுறா. வெளியே டர்பனின் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டும். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். நாலு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே நேரத்தில் பிடித்த இடம் என்று இந்த மூன்றிலும் நான் பார்த்தது இது ஒன்றைத்தான். கடைக்குட்டி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். பல் வெளியே துருத்திய சுறா ஒன்று அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி மெதுவாகக் கடந்தது. பின்வாங்கியது அத்தைதான். "இது வாயை மூடவே மூடாதாடி?" என்று கேட்டுவிட்டு, அடுத்த அரைமணி நேரம் அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை.

தண்ணீர்ப் பூங்கா ஒன்பது வயதுக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. ரோலர் கோஸ்டர் வாசலில் தடுக்கப்பட்டவன் இங்கே நாள் முழுக்க ராஜா. பதினாலு வயதுக்காரிக்கும் சில சறுக்குகள் உண்டு, ஆனால் கோல்ட் ரீஃப் சிட்டியின் பயம் இங்கே இல்லை. பெண்களுக்கு ஒரு வார்த்தை: முழுக்கை லைக்ரா நீச்சலுடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கும் நல்லது, கூச்சமும் இல்லை. பருத்திச் சுடிதாரோடு தண்ணீருக்குள் போக விடமாட்டார்கள்.

பக்கத்திலேயே கடல் இருக்க, காசு கொடுத்துக் குளத்தில் குளிப்பானேன் என்று கேட்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்த பிறகு, ஈ.கோலை கிருமி அளவு கூடியதால் கடற்கரைகளைப் பலமுறை மூடினார்கள். பெருமழைக்குப் பின் இந்தக் கேள்வி இன்னும் எழுகிறது. எந்தக் கரை திறந்திருக்கிறது என்று கிளம்பும் வாரத்தில் பாருங்கள். கடல் மூடியிருந்தாலும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் உண்டு என்ற உத்தரவாதத்துக்காகவே நான் உஷாகாவைத் திட்டத்தில் வைத்திருப்பேன்.

குறை பயணம்தான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய 570 கிலோமீட்டர், நல்ல நாளில் ஆறு மணி நேரம். டி ஹோக், வில்கே, டுகேலா, மூய், மரியன்ஹில் என்று ஐந்து சுங்கச்சாவடிகள். ஹாரிஸ்மித் தாண்டினால் வான் ரீனன் கணவாய். மூடுபனியும் லாரிகளும் சேர்ந்துவிட்டால் ஊர்ந்துதான் போக வேண்டும். டிசம்பர் 15, 16-இல் இந்தச் சாலையில் சர்க்கரை நோயாளியைக் கூட்டிப்போவது எனக்குச் சம்மதமே இல்லை. சுங்கச்சாவடி வரிசையில் சாப்பாட்டு நேரம் தப்பும், மாத்திரை நேரமும் தப்பும். விமானம் என்றால் ஒரு மணி நேரம். ஆனால் ஏழு டிக்கெட்டின் டிசம்பர் விலையைப் பார்த்தால் காரே மேல் என்று தோன்றிவிடும்.

இதற்கெல்லாம் ஈடு கட்டுவது டர்பனின் ஊரும் உறவும். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்கா குடும்பம் நாங்கள் வருகிறோம் என்றால் பிராய் என்று இங்கே சொல்லும் கறி சுடும் அடுப்பை மூட்டிவிடுவார்கள். அவர்கள் ஐந்தாம் தலைமுறைத் தென்னாப்பிரிக்கர்கள். அவர்களுடைய பாட்டியின் தமிழும் எங்கள் அத்தையின் தமிழும் சேரும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். பூங்காவிலிருந்து சற்று நடந்தால் கப்பல்கள் உள்ளே நுழையும் வாய்க்கால் தெரியும். பிள்ளைகளிடம் கைகாட்டிச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குச் சைவக்காரர்களும் கவலைப்பட வேண்டாம்: ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய பன்னி சௌ டர்பனில் மூலைக்கு மூலை கிடைக்கும். இந்த வசதி மற்ற இரண்டு இடங்களிலும் இல்லை.

சன் சிட்டி

1979-இல், நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கென்று பிரித்து வைத்த போபுதட்ஸ்வானா என்ற அன்றைய பந்துஸ்தானில் சோல் கெர்ஸ்னர் கட்டிய உல்லாச நகரம். செயற்கை அலையும் மணற்கரையும் கொண்ட வேலி ஆஃப் வேவ்ஸ் 1992-இல் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். அலை வரும் அந்தக் குளத்தைப் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வர மறுக்கும், அதில் சந்தேகமில்லை.

ஆனால் டிசம்பரில் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். அந்தப் பக்கம் வெயில் முப்பது டிகிரிக்கு மேல் சாதாரணம். நிழலிருக்கும் இடங்களைக் காலையிலேயே பிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் நாள் முழுக்கக் குடை தேடி அலைய வேண்டியிருக்கும். உள்ளேயே தங்கினால் சுகம், அந்தச் சுகத்துக்கு விலை அதிகம். காலையில் போய் மாலையில் திரும்புவதானால் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். நெரிசல் நாட்களில் பகல் பார்வையாளர்களுக்கு இடம் தீர்ந்துவிடும்.

சன் சிட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரே நல்ல காரணம் பக்கத்திலிருக்கும் பிலனெஸ்பெர்க் வனவிலங்குக் காப்பகம். அணைந்த எரிமலையின் வளையத்துக்குள் யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் உண்டு. மலேரியா பயமும் இல்லை. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஆப்பிரிக்கா என்றால் இதுதானே. காலை ஐந்தரைக்குக் காட்டுக்குள் போய்விட்டு, வெயில் ஏறியதும் பிள்ளைகள் அலைக்குளத்துக்கும் பெரியவர்கள் அறைக்குமாகப் பிரிந்தால் நன்றாக இருக்கும். பட்ஜெட் இருந்தால், இரண்டு இரவு.

போர்ட் எட்வர்ட் பக்கம் வைல்ட் கோஸ்ட் சன்னிலும் ஒரு தண்ணீர்ப் பூங்கா உண்டு. டர்பனிலிருந்து மேலும் இரண்டு மணி நேரம் தெற்கே. ஏற்கனவே தென்கடற்கரையில் வீடு எடுத்துத் தங்குபவர்களுக்குச் சரி; ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அதற்காகவே போவது வீண்.

யாருக்கு எது

பிள்ளைகள் எல்லாரும் பன்னிரண்டைத் தாண்டியவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: பள்ளி மூடிய வாரத்தில் ஒரு புதன்கிழமை கோல்ட் ரீஃப் சிட்டி. மிச்சமாகும் காசை வேறெதற்காவது வையுங்கள். கைக்குழந்தையும் நாலைந்து வயதும் மட்டும் என்றால் உஷாகாவின் மீன் காட்சியகமும் கடற்கரையும் போதும், ஜனவரியில். தாத்தா பாட்டியின் முதல் ஆப்பிரிக்கப் பயணம் என்றால், பூங்காவைவிடக் காடு முக்கியம். சன் சிட்டியைப் பிலனெஸ்பெர்க்குக்காக எடுங்கள். லீவு டிசம்பர் 16-க்கும் 31-க்கும் நடுவில்தான் கிடைக்கும் என்பவர்கள் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருந்துவிடுங்கள் என்பேன். ஊரே டர்பனுக்குப் போயிருக்கும்; இங்கே சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கும்.

டிசம்பரே கட்டாயமில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும் சின்னப் பள்ளி விடுமுறை. கூட்டம் குறைவு, டர்பனில் வெயில் இதம். அது பெரும்பாலும் புரட்டாசியில் விழும். டர்பன் இருக்கும் நேட்டால் பக்கத்துத் தமிழர்கள் மாதம் முழுக்கக் கவிச்சி தொடாமல் இருப்பவர்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கக் கடைகளில் சைவம் அந்த மாதம் இன்னும் தாராளம். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் விரதம் இருந்தாலும் தடையில்லை.

நாங்கள் இந்த வருஷம் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். டிசம்பரில் பள்ளி மூடிய வாரத்தில் கோல்ட் ரீஃப் சிட்டி. மூத்தவளுக்கு அனகோண்டா, மாமாவுக்கு மறுபடியும் சுரங்கம். கிறிஸ்துமஸ் வீட்டில். ஜனவரி 4 விடியற்காலை நாலரைக்கு டர்பன் கிளம்புகிறோம். சாட்ஸ்வொர்த் அக்கா வீட்டில் மூன்று இரவு. ஐந்து பேருக்குச் சேர்த்த டிக்கெட், மாமாவுக்கும் அத்தைக்கும் மீன் காட்சியகம் மட்டும். பையனை நேற்றுச் சுவரில் நிற்கவைத்து அளந்தோம். இன்னும் இரண்டு விரற்கடை வளர வேண்டும்.